பால் பாக்கெட் மை கையில் ஒட்டாதது ஏன்? தண்ணீரே இல்லாமல் வேலை பார்க்கும் 'குளிர் மின்னல்'... மணலியிலிருந்து ஒரு ரிப்போர்ட்!

காலையில் ஃபிரிட்ஜிலிருந்து பால் பாக்கெட்டை எடுக்கிறீர்கள். மேலெல்லாம் வேர்த்திருக்கிறது. குழாயில் ஒரு அலசு அலசி, முனையை வெட்டி, பாத்திரத்தில் ஊற்றுகிறீர்கள். இத்தனைக்குப் பிறகும் பாக்கெட்டின் நீல மையோ பச்சை மையோ உங்கள் விரலில் ஒட்டியிருக்கிறதா? இல்லை. அதிகாலையில் டப்பில் ஒன்றோடு ஒன்று உரசி, லாரியில் குலுங்கி, கடைக்காரர் ஐஸ் பெட்டியில் ஊறி வந்தும் ஓர் எழுத்துகூட அழியவில்லை.

இப்போது ஒரு சாதாரண பிளாஸ்டிக் கவரை எடுத்து, அதில் இங்க் பேனாவால் உங்கள் பெயரை எழுதிப் பாருங்கள். மை குட்டிக் குட்டி உருண்டைகளாகத் திரண்டு நிற்கும். விரலால் தடவினால் போச்சு!

இரண்டுமே ஏறக்குறைய ஒரே பிளாஸ்டிக்தான். பாலிஎத்திலீன். அப்படியென்றால் பால் பாக்கெட்டில் மட்டும் என்ன மந்திரம்? மையும் அதற்கேற்ற மைதான். ஆனால், அந்த மை பிடிப்பதற்கே முன்னால் இன்னொன்று நடந்திருக்கிறது. அச்சிடுவதற்கு முன் அந்த பிளாஸ்டிக் ஃபிலிம் ஒரு குட்டி மின்னல் திரைக்குள் நுழைந்து வந்திருக்கிறது. சூடு கிடையாது, ஆசிட் கிடையாது, ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கிடையாது. வளிமண்டல அழுத்தத்தில், அதாவது நாம் மூச்சுவிடும் இதே காற்றில், உருவாக்கப்படும் பிளாஸ்மா அது. அதே பிளாஸ்மா இப்போது துணிகளிலும் கைவைக்கத் தொடங்கியிருக்கிறது.

இதை ஏன் மணலியிலிருந்து சொல்ல வேண்டும்?

ஆவினின் மாதவரம் பால் பண்ணை மணலிக்குப் பக்கத்து ஏரியா. மணலியிலேயே 1969-ல் உற்பத்தி தொடங்கிய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. அன்று அதன் பெயர் மெட்ராஸ் ரிஃபைனரீஸ், இன்று சி.பி.சி.எல். அதைச் சுற்றி உரம், பெட்ரோ கெமிக்கல், சோப்புத்தூள் மூலப்பொருள் என்று வரிசையாக ஆலைகள் வந்தன. 1974-ல் எஸ்.ஆர்.எஃப் நிறுவனம் டயருக்குள் வைக்கும் நைலான் துணியை இங்கேதான் நெய்யத் தொடங்கியது. கொஞ்சம் தள்ளி திருவொற்றியூரில் எம்.ஆர்.எஃப். 1946-ல் கே.எம்.மாம்மன் மாப்பிள்ளை ஒரு கொட்டகையில் பலூன் செய்து விற்க ஆரம்பித்த இடம் அது.

பிளாஸ்டிக், துணி, ரப்பர் மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஊர் இது. கூடவே இவற்றுக்கான விலையைக் கொடுத்த ஊரும் இதுதான். 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் தொழிற்பகுதிகளுக்கு மாசு மதிப்பெண் போட்டபோது மணலிக்குக் கிடைத்தது 100-க்கு 76.32. எழுபதைத் தாண்டினாலே 'கடுமையாக மாசுபட்ட பகுதி'.

தண்ணீர் விஷயத்தில் இன்னும் இறுக்கம். கொடுங்கையூரில் 2019-ல் தொடங்கப்பட்ட நிலையம் நகரத்தின் கழிவுநீரை நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் வரை சுத்திகரித்து, மணலி - மீஞ்சூர் பக்கத்து ஆலைகளுக்கு அனுப்பும் திறன் கொண்டது. ஆலைகள் குடிநீரில் கைவைக்காமல் இருக்க இப்படி ஓர் ஏற்பாடு. அப்படிப்பட்ட ஊரில் 'தண்ணீரே தேவைப்படாத ஒரு வேலை முறை' என்றால் காது கொடுத்துக் கேட்கத்தானே வேண்டும்?

ஒரு துளி எப்போது உருளும், எப்போது விரியும்?

தாமரை இலைத் தண்ணீரைப் பார்த்திருப்பீர்கள். இலையில் உருள்கிற அதே துளி பருத்தி வேட்டியில் விழுந்தால் சட்டென்று பரவிவிடுகிறது. துளி மாறவில்லை. அது விழுந்த மேற்பரப்புதான் மாறியிருக்கிறது.

தண்ணீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் சுபாவம் கொண்டவை. பள்ளிப் பாடத்தில் இதைப் 'பரப்பு இழுவிசை' என்று படித்திருப்போம். தண்ணீருக்கு அந்த அளவு ஒரு சென்டிமீட்டருக்குச் சுமார் 72 டைன். பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பு ஆற்றலோ 31 டைன் அளவில்தான் இருக்கும். 'வா' என்று இழுக்கும் பலம் பிளாஸ்டிக்குக்கு இல்லை. அதனால் துளி தன்னைத்தானே இழுத்துக்கொண்டு உருண்டை ஆகிவிடுகிறது. இங்க் பேனா மைக்கும் அதே கதிதான்.

எண்ணெய் கதை வேறு. அதன் பரப்பு இழுவிசை பெரும்பாலும் 30 டைனையோ அதற்குக் கீழேயோ ஒட்டி இருக்கும். அதனால் எதன் மீது விழுந்தாலும் தயக்கமில்லாமல் பரவும். இதை எண்ணூர் மக்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து எண்ணூர் கழிமுகத்தில் படர்ந்தபோது, படகு, வலை, பெலிகன் பறவைகளின் இறகு என்று எல்லாவற்றிலும் ஏறிக்கொண்டது. மெல்லிய படலம்தான். ஆனால், நைலான் வலையில் ஏறிய எண்ணெயை வெறும் தண்ணீரால் கழுவ முடியாது. மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் ஒரு மெல்லிய அடுக்கு ஒரு குடும்பத்தின் பிழைப்பையே நிறுத்திவிடும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

சரி, ஒட்டாத இடத்தில் தண்ணீரை ஒட்ட வைக்க என்ன வழி? இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, தண்ணீரை மாற்றுவது. அதைத்தான் சோப்பு செய்கிறது. தண்ணீரின் இழுவிசையைப் பாதிக்கும் கீழாகக் குறைத்து, அதைப் பரவ வைக்கிறது. சோப்புத்தூளுக்கான முக்கிய மூலப்பொருளான லீனியர் ஆல்கைல் பென்சீன் மணலியில்தான் தயாராகிறது என்பது கூடுதல் தகவல். இந்த வழியில் ஒரு சிக்கல். வேலை முடிந்த பிறகு சோப்பும் ரசாயனமும் தண்ணீரோடு சேர்ந்து வெளியே போகும். அதை யாராவது எங்காவது சுத்தம் செய்தாக வேண்டும்.

இரண்டாவது வழி, தண்ணீரைத் தொடாமல் மேற்பரப்பை மாற்றுவது. பிளாஸ்மா செய்வது இதை.

கொசு பேட்டுக்குள் இருக்கிறது பிளாஸ்மா!

பிளாஸ்மா என்றதும் ரத்தத்தில் இருக்கும் பிளாஸ்மாவை நினைக்க வேண்டாம். பெயர் ஒன்று, ஆள் வேறு. திடம், திரவம், வாயு ஆகிய மூன்றுக்கும் அடுத்த நான்காவது நிலைதான் இந்த பிளாஸ்மா. வாயுவுக்கு ஏகப்பட்ட ஆற்றலைக் கொடுத்தால் அதன் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிய்த்துக்கொண்டு ஓடும். அப்போது மிஞ்சும் அயனிகளும் எலெக்ட்ரான்களும் கலந்த கூட்டம் அது. சூரியன் முழுக்க பிளாஸ்மா. மின்னல் பிளாஸ்மா. டியூப்லைட்டுக்குள் ஒளிர்வதும் அதுவே. 1928-ல் அமெரிக்க விஞ்ஞானி இர்விங் லாங்முயர் இதற்கு இந்தப் பெயரைச் சூட்டினார். அதற்கு 8 ஆண்டுகள் முன்பே, எந்த வெப்பநிலையில் ஒரு வாயு எவ்வளவு அயனியாகும் என்பதற்குச் சமன்பாடு எழுதிவிட்டார் நம் மேகநாத் சாஹா.

வட சென்னை வீடுகளில் கட்டாயம் ஒரு கொசு பேட் இருக்கும். கொசு மாட்டியதும் 'பட்'டென்று ஒரு பொறி வருகிறதே, அது வளிமண்டல அழுத்தத்தில் உண்டான ஒரு நொடிப்பொழுது பிளாஸ்மா. காற்று நல்ல மின்காப்புப் பொருள். ஒரு மில்லிமீட்டர் இடைவெளியை உடைத்துக்கொண்டு மின்சாரம் பாய ஏறக்குறைய 3,000 வோல்ட் வேண்டும். உடைத்துவிட்டால் எல்லா மின்சாரமும் ஒரே கோட்டில் பாயும். அந்த இடம் கருகிவிடும். கொசுவுக்கு அது சரி. பால் பாக்கெட் ஃபிலிமுக்கு அப்படி நடந்தால் ஓட்டைதான் விழும்.

இந்த முரட்டுப் பொறியை அடக்கும் வித்தை 1857-லேயே தெரிந்திருந்தது. ஜெர்மனியின் வெர்னர் ஸீமன்ஸ் ஓசோன் வாயு தயாரிக்க ஒரு கருவி செய்தார். இரண்டு மின்முனைகளுக்கு நடுவே கண்ணாடியை வைத்தார். கண்ணாடி குறுக்கே இருப்பதால் மின்சாரம் ஒரே கோட்டில் பாய்ந்து தீர்த்துவிட முடியாது. ஓர் இடத்தில் பொறி கிளம்பியதும் கண்ணாடியின் மேல் மின்னேற்றம் சேர்ந்து அதை அணைத்துவிடும். உடனே இன்னோர் இடத்தில் கிளம்பும். இப்படி நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை மின்சாரத்தின் திசையை மாற்றிக்கொண்டே இருந்தால், ஆயிரமாயிரம் நுண்பொறிகள் சேர்ந்து ஊதா நிறத்தில் ஒரு திரை போலத் தெரியும். இன்றைய இயந்திரங்களில் கண்ணாடிக்குப் பதில் பீங்கானோ சிலிக்கான் ரப்பரோ இருக்கும். தத்துவம் அதேதான்.

'இத்தனை ஆயிரம் வோல்ட்டில் பிளாஸ்டிக் உருகாதா?' நல்ல கேள்வி. இந்தத் திரைக்குள் எலெக்ட்ரான்கள் மட்டும்தான் பல்லாயிரம் டிகிரி வேகத்தில் துள்ளுகின்றன. காற்றின் மூலக்கூறுகள் கிட்டத்தட்ட அறை வெப்பத்திலேயே இருக்கின்றன. ஒரு நைட்ரஜன் மூலக்கூறு எலெக்ட்ரானைவிடச் சுமார் 51,000 மடங்கு கனம். கடுகை எடுத்து கேரம் ஸ்ட்ரைக்கர் மேல் அடித்தால் ஸ்ட்ரைக்கர் நகருமா? அப்படித்தான் இதுவும். எலெக்ட்ரானால் மூலக்கூறை உடைக்க முடியும். ஆனால், காற்று முழுவதையும் சூடாக்க அந்தக் கண நேரம் போதாது. அதனால்தான் இதற்குக் 'குளிர் பிளாஸ்மா' என்று பெயர்.

எல்.ஐ.சி மொட்டை மாடியும் ஒரு சென்டிமீட்டர் பூச்சும்

பாலிஎத்திலீன் என்பது கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் கைகோத்து நிற்கும் நீளச் சங்கிலி. வழவழவென்று இருக்கும். மை வந்து பிடித்துக்கொள்ள அதில் ஒரு கைப்பிடிகூடக் கிடையாது. பிளாஸ்மா திரைக்குள் ஃபிலிம் ஓடும்போது, அங்கே உண்டாகும் ஆக்சிஜன் அணுக்களும் ஓசோனும் மேற்பரப்பில் இருக்கும் சில ஹைட்ரஜன்களைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் ஆக்சிஜனை உட்கார வைக்கின்றன. அவைதான் கைப்பிடிகள். மேற்பரப்பு ஆற்றல் 31 டைனிலிருந்து 38, 40 என்று ஏறுகிறது. அச்சகங்களில் '38 டைன் இருக்கா?' என்பது பாலபாடம். டைன் பேனா என்று ஒன்று இருக்கிறது. ஃபிலிமில் கோடு போட்டால், கோடு அப்படியே நின்றால் பாஸ். உருண்டைகளாகத் திரண்டால் ஃபெயில்.

எவ்வளவு ஆழத்துக்கு இந்த மாற்றம்? சில நானோமீட்டர் மட்டுமே. பால் பாக்கெட் ஃபிலிம் ஏறக்குறைய 50 மைக்ரான் தடிமன். அதை அண்ணா சாலை எல்.ஐ.சி கட்டடத்தின் உயரத்துக்குப் பெரிதாக்கி நினைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்மா தொட்டது, அதன் மொட்டை மாடியில் பூசிய ஒரு சென்டிமீட்டர் பூச்சு அளவு. கட்டடத்தின் மற்ற 14 மாடிகளுக்கும் அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. பிளாஸ்டிக்கின் வலிமை, வளையும் தன்மை எல்லாம் அப்படியே இருக்கும்.

அச்சுத் தொழிலில் இதற்கு வழங்கும் பெயர் 'கொரோனா ட்ரீட்மென்ட்'. 2020-க்குப் பிறகு இந்தப் பெயரைக் கேட்டாலே நமக்குத் தூக்கிவாரிப் போடும். ஆனால், டென்மார்க் இன்ஜினீயர் வெர்னர் ஐஸ்பி இதைத் தொழில்முறைக்குக் கொண்டுவந்தது 1951-ல். பிஸ்கட் உறை, சிப்ஸ் பாக்கெட், அரிசி மூட்டை லேமினேஷன் என்று நம் மளிகைப் பட்டியலில் பாதி இந்தத் திரையைக் கடந்து வந்ததாகத்தான் இருக்கும்.

பால் பாக்கெட்டில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. வெளிப்பக்கத்துக்கு மட்டுமே இந்த ட்ரீட்மென்ட். தவறிப்போய் உள்பக்கத்திலும் பொறி பாய்ந்தால், சூட்டில் ஒட்ட வேண்டிய ஓரம் சரியாக ஒட்டாமல் பால் கசியும். வெளிப்பக்கத்தையும் அளவுக்கு மீறிக் காய்ச்சி எடுத்தால் சங்கிலிகள் துண்டு துண்டாகி, மேலே பொடி போல ஓர் அடுக்கு உண்டாகும். மை அந்த அடுக்கோடு சேர்ந்து உரிந்து வந்துவிடும். ஆக, கூடினாலும் கெடுதல், குறைந்தாலும் கெடுதல்.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம்!

* காலி பால் பாக்கெட்டைக் கழுவித் துடைத்துவிட்டு, அச்சிட்ட இடத்தில் செல்லோ டேப் ஒட்டி, சட்டென்று இழுங்கள். அச்சகங்களில் செய்யும் அதே டேப் டெஸ்ட்தான். மை டேப்போடு வராமல் இருந்தால் ட்ரீட்மென்ட் சரியாக நடந்திருக்கிறது என்று அர்த்தம்.
* குடைத் துணி, பாலியஸ்டர் புடவை, பழைய பருத்தி வேட்டி மூன்றிலும் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் விட்டு, எது எவ்வளவு நேரத்தில் உறிஞ்சுகிறது என்று பிள்ளைகளைக் கணக்கெடுக்கச் சொல்லுங்கள்.
* அடுத்து, உருண்டு நிற்கும் துளியின் மேல் சோப்புத் தண்ணீர் தொட்ட ஊசியை வையுங்கள். துளி படுத்துவிடும். முதல் வழி உங்கள் கண்ணெதிரே!

ஒரு எச்சரிக்கை: கொசு பேட்டைப் பிரித்து எந்தச் சோதனையும் வேண்டாம். அதில் இருப்பது உயர் மின்னழுத்தம்.

துணி என்றால் தலைவலி கொஞ்சம் அதிகம்

ஃபிலிம் தட்டையானது. மேலே தொட்டால் போதும். துணி அப்படியல்ல. நூலுக்குள் நூற்றுக்கணக்கான இழைகள், இழைகளுக்கு நடுவே சந்துகள். சாதாரண கொரோனா பொறி துணியின் ஓட்டைகள் வழியாகப் பாய்ந்து ஓடிவிடும். இழைகளுக்குள் போகாது. வெற்றிடப் பெட்டிக்குள் வைத்தால் பிளாஸ்மா பூப்போலப் பரவும்தான். ஆனால், ஆயிரக்கணக்கான மீட்டர் ஓடும் துணி ரோலை ஒவ்வொரு முறையும் பெட்டிக்குள் அடைத்து, காற்றை உறிஞ்சி, மறுபடி திறப்பது எந்த மில்லுக்குக் கட்டுப்படியாகும்?

அதனால்தான் திறந்த காற்றிலேயே, ரோல் ஓட ஓட, சீரான பிளாஸ்மாவை உண்டாக்க உலகம் முழுக்க முயற்சி நடக்கிறது. 1988-ல் ஜப்பானில் ஒக்கசாகி குழுவினர், ஹீலியம் வாயுவைப் பயன்படுத்தினால் வெற்றிடம் இல்லாமலேயே பொறி இல்லாத சீரான ஒளிர்வு கிடைக்கும் என்று காட்டினார்கள். ஆனால், ஹீலியம் விலை உயர்ந்த சரக்கு. காற்றை வைத்தே இதைச் செய்ய முடியுமா என்பதுதான் அடுத்த கேள்வி.

அந்தக் கேள்விக்கான இந்தியப் பதில் பால் பாக்கெட்டிலிருந்து வரவில்லை. முயல் ரோமத்திலிருந்து வந்தது.

முயல் ரோமத்தைப் பிடித்து நிறுத்திய பிளாஸ்மா

குஜராத்தின் காந்திநகரில் மத்திய அரசின் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. சூரியனுக்குள் நடக்கும் அணுக்கருச் சேர்க்கையைப் பூமியில் நடத்திக் காட்டுவதுதான் அதன் பெரிய கனவு. அந்த அறிவைத் தொழிற்சாலைகளுக்குக் கொண்டுபோக 1997-ல் தனியாக ஒரு மையம் தொடங்கினார்கள்.

இமயமலைப் பகுதிகளில் அங்கோரா முயல் வளர்ப்பவர்களுக்கு ஒரு நீண்டகாலப் பிரச்னை இருந்தது. அங்கோரா ரோமம் பட்டைவிட மென்மை, கம்பளியைவிடக் கதகதப்பு. ஆனால், இழைகள் அளவுக்கு மீறி வழுக்கும். ஒன்றோடு ஒன்று பிடித்துக்கொள்ளாது. நூற்கும்போது நழுவும், நூலாகிவிட்டாலும் ரோமம் உதிர்ந்துகொண்டே இருக்கும். அதனால் ஆட்டுக் கம்பளியோடு கலந்துதான் நூற்க வேண்டும். அசல் சரக்கின் மதிப்பு அங்கேயே குறைந்துவிடும்.

காந்திநகர் மையமும் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனமும் கைகோத்து, இந்த ரோமத்தை வளிமண்டல அழுத்தப் பிளாஸ்மாவுக்குள் ஓட்டிப் பார்த்தார்கள். இழையின் மேற்பரப்பு நுண்ணிய அளவில் சொரசொரப்பாகி, இழைகளுக்குள் உராய்வு கூடியது. கலப்படமில்லாத அங்கோரா நூலை நூற்க வழி பிறந்தது. ரோமம் உதிர்வதும் குறைந்தது. தண்ணீர் இல்லை, ரசாயனம் இல்லை. இந்த இயந்திரம் ஆய்வகத்தோடு நின்றுவிடாமல் ஹிமாச்சலப் பிரதேசத்தின் குலு வரை போய்ச் சேர்ந்தது.

பால் பாக்கெட்டில் மை ஒட்டுவதும், முயல் ரோமம் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதும் அடிப்படையில் ஒரே கணக்குதான். உள்ளே இருக்கும் பொருளை மாற்ற வேண்டியதில்லை, மேல்தோலை மட்டும் மாற்றினால் போதும்.

ஒரு டி-ஷர்ட்டுக்கு ஒரு வாட்டர் கேன்

இப்போது தமிழ்நாட்டுக்குத் திரும்புவோம். ஒரு கிலோ துணியை வெளுத்து, சாயம் போட்டு முடிக்கச் சுமார் 100 லிட்டர் தண்ணீர் என்பது துணித் தொழிலில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. இயந்திரத்தைப் பொறுத்து கூடலாம், குறையலாம். 200 கிராம் எடையுள்ள ஒரு டி-ஷர்ட்டுக்கு 20 லிட்டர். அதாவது, வாரம் இருமுறை நம் வீட்டுக்கு வருகிறதே, அந்த வாட்டர் கேன் ஒன்று முழுசாக!

அந்தத் தண்ணீர் உப்பும் சாயமுமாக எங்கே போனது என்பதை நொய்யல் ஆற்றங்கரை விவசாயிகளிடம் கேட்க வேண்டும். பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாகவே மாறிப்போனது. விவசாயிகள் நீதிமன்றப் படியேறினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவை ஆலைகளை மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட வெளியேறக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் ஆலைகள் படிப்படியாகத் திறந்தன. இன்று அங்கே கழிவுநீரைச் சவ்வுகளில் அழுத்தி வடிகட்டியும், மிச்சத்தைக் காய்ச்சி ஆவியாக்கியும் தண்ணீரைத் திரும்ப எடுக்கிறார்கள். அதற்கான மின்சாரச் செலவும், கடைசியில் மலையாகக் குவியும் உப்பும் தனிக்கதை.

பிளாஸ்மா இதை ஒரே நாளில் மாற்றிவிடுமா? மாற்றாது. சாயம் இழைக்குள் இறங்கத் தண்ணீர் வேண்டும். ஆனால், சாயத்துக்கு முன்னும் பின்னும் இருக்கும் படிகளில் அதற்கு வேலை இருக்கிறது.

* கஞ்சி நீக்கம்: நெய்யும்போது பாவு நூல் அறாமல் இருக்கக் கஞ்சி போடுவார்கள். பிறகு அதைக் கழுவி எடுக்கவே ஏகப்பட்ட வெந்நீர் செலவாகும். முதலில் பிளாஸ்மா காட்டினால் பி.வி.ஏ வகைக் கஞ்சி சுலபமாகக் கரைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.
* பாலியஸ்டர்: பருத்தி காற்றிலிருந்து தன் எடையில் 8 சதவிகிதம் அளவுக்கு ஈரம் பிடிக்கும். பாலியஸ்டர் அரை சதவிகிதம்கூடப் பிடிக்காது. பிளாஸ்மா பட்ட பாலியஸ்டரில் வியர்வை உருண்டு நிற்காமல் இழை வழியாகப் பரவும். இழைக்குள் போகாது, ஆனால் சீக்கிரம் காயும்.
* கம்பளி: கம்பளி சுருங்காமலிருக்க குளோரின் போடுவது பழைய வழக்கம். அந்தக் கழிவுநீர் மோசமானது. பிளாஸ்மா இதற்கு ஒரு மாற்றாகப் பல ஆண்டுகளாகச் சோதிக்கப்படுகிறது.

டயருக்குள் ஒளிந்திருக்கும் துணி

மணலிக்கே உரிய உதாரணம் இது. டயர் என்றால் ரப்பர் மட்டும்தான் என்று நினைக்கிறோம். உள்ளே நைலான் அல்லது பாலியஸ்டர் துணி அடுக்கடுக்காக இருக்கிறது. லாரியின் பாரத்தைத் தாங்குவது அந்தத் துணிதான். ஆனால், நைலானும் ரப்பரும் இயல்பில் ஒட்டாது. ஒட்டாவிட்டால் நெடுஞ்சாலையில் டயர் அடுக்கு பிரியும். அது உயிர்ப் பிரச்னை.

அதனால் 1930-களின் பிற்பகுதியிலிருந்தே டயர் துணியை ரெசார்சினால், ஃபார்மால்டிஹைடு, ரப்பர் பால் கலந்த கரைசலில் முக்கியெடுத்து, சூட்டில் காய வைக்கும் முறை உலகமெங்கும் இருக்கிறது. அருமையாக ஒட்டும். ஆனால், ஃபார்மால்டிஹைடைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. எனவே மாற்று தேடுகிறார்கள். ஃபார்மால்டிஹைடு இல்லாத புதிய கரைசல்கள் ஒரு பக்கம். பிளாஸ்மாவால் இழையைத் தயார் செய்துவிட்டு, ஒட்டுப்பொருளைக் குறைக்கவோ தவிர்க்கவோ முடியுமா என்ற ஆய்வு இன்னொரு பக்கம். இந்தப் பந்தயத்தில் இப்போதைக்குக் கரைசல்களே முந்துகின்றன. பல லட்சம் முறை சுழன்று, சூடாகி, நசுங்கும் டயருக்குள் சில நானோமீட்டர் கைப்பிடிகள் கடைசிவரை தாக்குப்பிடிக்க வேண்டும். அதை நிரூபிப்பது லேசுப்பட்ட காரியமில்லை.

மாயமில்லை, மந்திரமில்லை!

பிளாஸ்மா பற்றிப் பேசும்போது அதன் குறைகளையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும்.

முதல் குறை, ஆயுள். இன்று ட்ரீட்மென்ட் செய்த ஃபிலிமை சில வாரம் கோடவுனில் போட்டுவைத்தால் டைன் இறங்கிவிடும். பிளாஸ்டிக் சங்கிலிகள் மெல்லத் திரும்பி, கைப்பிடிகளை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஃபிலிம் வழுக்குவதற்காகச் சேர்த்த பொருள்களும் மேலே கசிந்து மூடிவிடும். நம்மூர் வெயிலில் இது இன்னும் வேகமாக நடக்கும். அதனால் அச்சிடும் இயந்திரத்திலேயே இரண்டாம் முறை பொறி காட்டுவார்கள்.

இரண்டாவது, ஓசோன். கொசு பேட் வெடித்ததும் ஒரு மாதிரி காரமான வாசனை வருமே, அதில் ஓசோனும் சேர்ந்திருக்கிறது. வானத்தில் இருந்தால் நம்மைக் காக்கும். மூக்குக்குப் பக்கத்தில் இருந்தால் நுரையீரலைப் புண்ணாக்கும். அமெரிக்க விதிகளின்படி எட்டு மணி நேர வேலையில் காற்றில் சராசரியாகப் பத்து லட்சத்தில் 0.1 பங்குக்கு மேல் அது இருக்கக் கூடாது. பிளாஸ்மா இயந்திரத்தோடு ஓசோனை உறிஞ்சிச் சிதைக்கும் கருவியும் கட்டாயம் ஓட வேண்டும். 'தண்ணீரைக் காப்பாற்றிவிட்டோம்' என்று சொல்லிவிட்டு, புகையை அக்கம்பக்கத்துத் தெருவுக்குத் திருப்பிவிட்டால் அது சுத்தமான தொழில்நுட்பம் ஆகாது. 76.32 மதிப்பெண் வாங்கிய ஊருக்கு இது நன்றாகவே தெரியும்.

மூன்றாவது, பணம். சாயத் தொட்டியை ஏற்கெனவே வாங்கிப் போட்டவர் புது இயந்திரத்துக்கு மாற, தண்ணீருக்கும் கழிவுக்கும் உண்மையான விலை கொடுக்க வேண்டிய நிலை இருக்க வேண்டும். தண்ணீர் சும்மா கிடைக்கும்வரை, கழிவு ஆற்றில் போகும்வரை, யாரும் மாற மாட்டார்கள். திருப்பூரை மாற்றியது புது இயந்திரம் அல்ல, நீதிமன்ற உத்தரவு. அதன்பிறகுதான் இயந்திரங்கள் வந்தன.

'என் பிள்ளை இதைப் படிக்கலாமா?'

தாராளமாக. இயற்பியல், வேதியியல், இன்ஜினீயரிங் மூன்றும் சந்திக்கும் இடம் இது. கிண்டியில் 1968-ல் தொடங்கப்பட்ட சிப்பெட் நிறுவனம் பிளாஸ்டிக் தொழில்நுட்பத்துக்கென்றே டிப்ளமோ முதல் மேற்படிப்புவரை நடத்துகிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.சி.டெக் வளாகத்தில் டெக்ஸ்டைல் டெக்னாலஜி இருக்கிறது. கோவையில் 1956 முதல் இயங்கும் சிட்ரா ஆராய்ச்சி மையம் மருத்துவத் துணிகளில் கவனம் செலுத்துகிறது. காந்திநகர் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தில் முனைவர் பட்ட ஆய்வுவரை போகலாம். வட சென்னைப் பிள்ளைகளுக்கு முதல் இரண்டும் பஸ் தூரம்தான்.

பிளாஸ்டிக்கும் துணியும் ரப்பரும் ஒரு வாழ்நாள் காலமாக மணலி வழியாகத்தான் போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றை ஒட்டவைக்க, கழுவ, நிறமேற்ற ஆகும் தண்ணீரும் அதன் கழிவும் யாருடைய வாசலில் நிற்கின்றன என்பதை இந்த ஊர் பார்த்திருக்கிறது. மேல்தோலில் சில நானோமீட்டரை மட்டும் மாற்றி, தண்ணீரைத் தொடாமல் விட்டுவிடும் வழி ஒன்று இருக்கிறது. அது நம் ஃபிரிட்ஜில் இருக்கும் பால் பாக்கெட்டில் தினமும் வேலை செய்துகொண்டும் இருக்கிறது. அதைத் துணிக்கும் டயருக்கும் நகர்த்துவது விஞ்ஞானிகளின் வேலை. தண்ணீருக்கு விலை உண்டு என்று ஆலைகளுக்கு நினைவூட்டுவது அரசின் வேலை.

நாளைக் காலையில் பாக்கெட்டை வெட்டும்முன் அந்த மையை ஒரு தடவை விரலால் தேய்த்துப் பாருங்கள்!